ராஜினாமா எழுதிக் கொடுப்பதா, மதிப்பீட்டை எதிர்கொள்வதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தனியார் மருத்துவமனைகளில் நர்ஸாக இருக்கும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வருட மதிப்பீட்டில் மார்க் குறைந்ததும் மேலாளர் கூப்பிட்டு, "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா பேர் கெடாது" என்பார்.

எழுதிக் கொடுத்தால் தலைவலி அன்றோடு தீரும், அது உண்மைதான். ஆனால் தானாக ராஜினாமா செய்தவருக்கு யுஐஎஃப் (வேலையிழந்தவர்களுக்கான அரசுக் காப்பீட்டு நிதி) பணம் கிடையாது, அநியாயமாக நீக்கினார்கள் என்று சிசிஎம்ஏவில் (வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையம்) வாதாடுவதும் ரொம்பக் கஷ்டம்.

மதிப்பீட்டை எதிர்கொண்டால் விஷயம் இழுக்கும், மனசு நோகும். ஆனாலும் 1995-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. தகுதிகாண் காலம் முடிந்த ஒருவரை 'வேலை சரியில்லை' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட முடியாது. எதில் குறை என்று காட்டி, வழிகாட்டி, திருந்த நியாயமான அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். மருந்து சார்ட்டில் கையெழுத்து விடுபட்டது என்றால் எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட் என்று கேளுங்கள், அன்று வார்டில் எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்பதையும் பதிலில் எழுதுங்கள். (நோயாளியின் உயிருக்கே ஆபத்தான அலட்சியம் என்றால் கதை வேறு, அது ஒழுங்கு விசாரணைக்குப் போகும்.) அப்படியும் நீக்கினால் 30 நாளுக்குள் சிசிஎம்ஏவுக்குப் போகலாம், கட்டணமில்லை. ஜெயித்தால் வேலை திரும்பக் கிடைக்கலாம், அல்லது 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு.

என்னைக் கேட்டால், வேறு வேலை கையில் இல்லாதவர்கள் எழுதிக் கொடுக்கவே கூடாது. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அங்கேயே கையெழுத்துப் போடாமல், முதலில் யூனியன் ஆளிடம் காட்டுங்கள்.