நன்றிப் பூசையா, ஸ்தோத்திர ஆராதனையா, துதிக் கூட்டமா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதற்கு மூன்று வழக்கம். கத்தோலிக்கர் பூசை வைப்பார்கள். ஆற்காடு லுத்தரன், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் ஸ்தோத்திர ஆராதனை, அதாவது நன்றி வழிபாடு, கேட்கும். பெந்தெகொஸ்தே சபையார் வீட்டிலேயே துதிக் கூட்டம் போடுவார்கள்.

முதலில் இடறுவது சொல். ‘ஆராதனை’ என்றால் வில்லியனூர் மாதா கோயிலில் நற்கருணைக்கு (பூசையில் அர்ச்சித்த அப்பம்) முன் முழந்தாளிடுவது. லுத்தரன் வீட்டில் ஞாயிறு வழிபாடு முழுவதும். பெந்தெகொஸ்தே சபையில் பெரும்பாலும் பிரசங்கத்துக்கு முந்தைய பாட்டு நேரம். பைபிளில் அதன் வேர் விழுந்து பணிவது. துதி, ஆண்டவர் யார் என்பதற்காக. நன்றி, அவர் செய்ததற்காக. லூக்கா 17:15-16 பாருங்கள்: பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்த சமாரியன் உரத்த சத்தமாய் மகிமைப்படுத்தினான், பாதத்தருகே விழுந்தான், நன்றி சொன்னான். மூன்றும் இரண்டே வசனத்தில்.

பூசைக்குப் பெயரே பலம். அதன் இன்னொரு பெயரான ‘யூக்கரிஸ்தியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நன்றி கூறல் என்றுதான் பொருள். பலவீனம், உங்கள் கருத்து (பூசை எதற்காக என்று எழுதிக் கொடுப்பது) இறந்தவர் நினைவு நாள் கருத்துகளுக்கு நடுவே ஒரு வரியாகக் கடந்துவிடும். பங்கு அலுவலகத்தில் பதியும்போது ‘நன்றியாக’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘நலம் வேண்டி’ என்று எழுதினால் அது மன்றாட்டு. பூசையில் பாடும் ‘உன்னதங்களிலே’ கீதத்தில் புகழ்ச்சி, ஆராதனை, நன்றி எல்லாம் வரும். ஆனால் சாதாரண வார நாளிலும், திருவருகைக் கால (கிறிஸ்துமஸுக்கு முந்தியது), தவக்கால (ஈஸ்டருக்கு முந்தியது) ஞாயிறுகளிலும் அது கிடையாது. பாட வேண்டுமென்றால் வேறு ஞாயிறு பார்க்க வேண்டும்.

ஸ்தோத்திர ஆராதனையில் காரணத்தைச் சபை முன் சொல்லலாம், சங்கீதம் 103 வாசிக்கலாம். கெடுவது காணிக்கைக் கவரில்: தொகையை வாசித்ததும் எல்லார் கண்ணும் கொடுத்தவர் மேல் போய்விடும். பெயர் போதும், தொகை வேண்டாம்.

துதியில் வீட்டுக் கூட்டத்தை மிஞ்ச ஆளில்லை. நன்றிதான் மெலிந்துபோகும். ‘ஸ்தோத்திரம்’ வணக்கமாகவும் மூச்சு விடும் இடமாகவும் ஆகிவிட்டால், எதற்கு நன்றி என்பது மறைந்துவிடும். சாட்சியை மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்லுங்கள்: என்ன நேர்ந்தது, யார் உதவினார்கள், எப்படி முடிந்தது. அதற்குமேல் போனால் கதை சொல்பவரே கதாநாயகன்.

எனக்கு அளவுகோல் பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 7. ஸ்தோத்திரப் பலியோடு எண்ணெய் பிசைந்த புளிப்பில்லா அதிரசம், எண்ணெய் தடவிய அடை, பொரித்த மாப்பலகாரம், கூடவே புளித்த அப்பமும். இறைச்சியை அன்றே சாப்பிட்டாக வேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது. ஒரு வீடு தனியாகத் தின்று தீருமா? அக்கம்பக்கம் கூப்பிட்டால்தான் உண்டு. ஆக, முடிந்ததும் போடும் பிரியாணி வெறும் உபசாரமல்ல. பந்தி எங்கே திறந்திருக்கிறதோ அந்த வழியைத் தேர்ந்தெடுப்பேன்.

நன்றி சொல்ல ஒன்றுமே இல்லாதபோது? தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்து, பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. மறுநாள் இரவு ஆண்டிறுதி ஸ்தோத்திர ஆராதனை. 1 தெசலோனிக்கேயர் 5:18 ‘எல்லாவற்றிலேயும்’ ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறது, எல்லாவற்றுக்காகவும் அல்ல. விழுந்த மரத்துக்கு நன்றி சொல்லச் சொல்லி யாரையும் நெருக்காதீர்கள். அன்றைக்கு வாசிக்க ஆபகூக் 3:17-18 இருக்கிறது: அத்திமரம் துளிர்விடவில்லை, தொழுவத்தில் மாடில்லை, ஆனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சி.