மணிக்கட்டு வாட்சா, மார்புப் பட்டையா?

லால்பாக்கில் காலையில் ஓடும் எங்கள் பெங்களூருத் தமிழ்க் கூட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி இது: இதயத்துடிப்பை அளக்க வாட்ச் போதுமா, மார்பில் கட்டும் பட்டை வேண்டுமா?

வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் துடிப்பைக் கணிக்கிறது. பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே பிடிக்கிறது. நிதானமாக நடக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். கெம்பே கவுடா கோபுரம் நிற்கிற பாறைமேல் வேகமாக ஏறும்போதுதான் வித்தியாசம் தெரியும். பட்டையில் எண் உடனே உயரும், என் வாட்ச் பின்தங்கி வரும். டிசம்பர் குளிரில் கை விறைத்தால் தோலில் ரத்த ஓட்டம் குறையும், வாட்ச் இன்னும் தடுமாறும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, நழுவாதபடி கட்டினால் ஓரளவு சரியாகும்.

கலோரிக் கணக்கில் எனக்கு இரண்டின்மீதும் நம்பிக்கை இல்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். ஆறில் இதயத்துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. அதை நம்பி ஓடி முடித்ததும் கூடுதலாக ஒரு மசாலா தோசை சாப்பிடாதீர்கள்.

நடை, தூக்கம் போன்றவற்றுக்கு வாட்சே வசதி. வேகத்தை மாற்றி மாற்றி ஓடிப் பயிற்சி செய்பவர்களுக்குப் பட்டையைத்தான் சொல்வேன். அப்புறம், கட்டுமுன் அதன் உட்புறத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்திருந்தால் அதுவும் தப்பாகக் காட்டும்.