கேம்பர் வானுக்குப் பழைய அம்புலன்ஸ்: கே.டி.எச்., டொல்பின், லாண்ட் குறூசர் 78 எது தேறும்?

வன்னியில் கேம்பர் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது ரொயோட்டா ஹையேஸ் சுப்பர் ஜி.எல். வான். அதே செசியில், பின்பக்கம் கட்டிலும் அலுமாரியும் அடித்து, இரண்டாவது பற்றரியும் வயர் வேலையும் முடித்த வண்டி ஒன்று பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடக்கும். அம்புலன்ஸாக ஓடினது என்பதுதான் அதன் குறை. "சாவு ஏறின வண்டி" என்று சொந்தக்காரர் முகம் சுளிப்பார்கள். ஓர் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் தீர்த்துவைக்கிற விசயத்துக்குச் சந்தை தருகிற கழிவு அது. வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் வாங்குவது பின்பெட்டியைத்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு விலை பேசவேண்டும். இயந்திரத்தை வாங்குவதாக நினைத்தால் அம்புலன்ஸ் மோசமான பேரம். 2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடை 2025 பெப்ரவரி வரை நீண்டது. அந்த ஐந்து வருடத்தில் கழித்துவிட வேண்டிய வண்டிகளையும் ஒட்டிப் பூசி ஓட்டினார்கள். ஏலத்தில் "உள்ளது உள்ளபடி" என்று வருகிற வண்டியில் புதுப் பெயின்ற் மினுங்கினால் சந்தேகம் கூடவேண்டும்.

தலைப்பில் உள்ள மூன்றிலும் கே.டி.எச்., அதாவது ஹையேஸ் 200 தொடர் வான், முன்னுக்கு நிற்கிறது. அது 2004இல் வந்தது. அதில் 4695 மி.மீ நீளமான சாதாரண உடலும், 5380 மி.மீ நீளம், 1880 மி.மீ அகலம், 2285 மி.மீ உயரம் கொண்ட சுப்பர் லோங் உடலும் உண்டு. இரண்டாவதை எடுங்கள். உயர்கூரையில் உள்ளுயரம் 1635 மி.மீ அளவில் வரும். நிமிர்ந்து நிற்க முடியாது, இருந்து சமைக்கத் தாராளம். ஸ்ரெச்சர் ஏறத்தாழ 1.9 மீற்றர் என்பதால் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கும் நீளத்துக்குக் கவலையில்லை. ஸ்ரெச்சர் மேடைக்கும் பக்கவாங்குக்கும் நடுவில் 18 மி.மீ பிளைவூட் பலகையை பிணைச்சல் போட்டு இறக்கினால் இரண்டு பேர் படுக்கலாம். மேடையும் வாங்கும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று வாங்க முன்னரே ரேப் பிடித்துப் பாருங்கள். பல வண்டிகளில் இருக்காது.

இனி இயந்திரம். மீற்றரில் 120,000 கிலோமீற்றர் என்றால் விற்கிறவர் "குறைஞ்ச ஓட்டம்" என்பார். அம்புலன்ஸ் ஓடுவதைவிட நின்று உறுமுவதுதான் அதிகம். ஆஸ்பத்திரி வாசலில் ஏ.சி.க்காக இயந்திரத்தை நிறுத்தமாட்டார்கள். ஒரு மணிநேர ஐட்லிங்கை 50 கிலோமீற்றராக எடுப்பது வழக்கமான கணக்கு. நாளுக்கு இரண்டு மணிநேரம், எட்டு வருடம் என்று வைத்தால் 5840 மணிநேரம். அதாவது மீற்றரில் தெரியாத 292,000 கிலோமீற்றர். மீற்றரைக் குறைக்க ஒருவர் கை வைக்கவே தேவையில்லை.

1கே.டி. 3 லீற்றர் டீசலில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். இன்ஜெக்டருக்குக் கீழே இருக்கிற சீல் கசிந்தால் எரிந்த வாயு ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் கரி பிடித்துத் தடித்து, சம்புக்குள், அதாவது ஒயில் தேங்கும் அடித்தொட்டிக்குள், இருக்கிற உறிஞ்சுவலையை அடைக்கும். ஒயில் மேலே ஏறாமல் இயந்திரம் இறுகிப்போகும். சோதிக்கிற முறை இது: காலையில், இரவு முழுக்க நின்ற வண்டியைத்தான் ஸ்ராட் பண்ணவேண்டும். போனட்டில் கை வைத்துப் பாருங்கள் என்பது காருக்குச் சொல்கிற அறிவுரை, கே.டி.எச்.இல் சீற்றைத் தூக்கி இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி இன்னொருநாள் வாருங்கள். ஒயில் லைற் அணையப் பிந்துகிறதா, கடகட சத்தம் சில நொடி நீடிக்கிறதா என்று கவனியுங்கள். சூடேறியபின் ஒயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது. விருப்பமுள்ளவர் சம்பைக் கழற்றி வலையைப் பார்க்கலாம். விடமாட்டேன் என்று விற்கிறவர் சொன்னால் இன்ஜெக்டர், சீல், சம்ப் வேலைச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கே.டி.எச்.இல் வரும் மற்ற டீசலான 2கே.டி.யிலும் இதே பரிசோதனைதான். இரண்டுக்கும் டைமிங் பெல்ற். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு, வோட்டர் பம்பையும் ரென்சனரையும் சேர்த்து மாற்றுங்கள்.

பின்பெட்டியில் கண் போகவேண்டிய இடம் தரை. மேலே பார்த்தால் வினைல் பளபளப்பாக இருக்கும். குளோரின் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவின தரை அது; ஸ்ரெச்சர் தண்டவாளத்தின் போல்ற் துளைகளால் தண்ணீர் இறங்கி, கீழே தகட்டைத் தின்றிருக்கும். வண்டிக்கு அடியில் ரோச் அடித்து, போல்ற் இருக்கிற இடமெல்லாம் சிறு சுத்தியலால் தட்டுங்கள். சத்தம் மந்தமாகக் கேட்டால் அங்கே துரு. பின்கதவுப் படி, சறுக்குக் கதவின் கீழ்த் தடம், பின் வில் தட்டுகள் தொங்குகிற இடம் மூன்றையும் விடாதீர்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரைகளில் நின்ற வண்டிக்கு உப்புக்காற்றும் சேர்ந்திருக்கும்.

கூரை பல வண்டிகளில் ஃபைபர். சுழல்விளக்கும் அன்ரனாவும் கழற்றிய துளைகளைச் சிலிக்கன் அப்பி மூடியிருப்பார்கள். அதன் மேலே பெயின்ற் பிடிக்காது. சுரண்டி எடுத்து பொலியூறத்தேன் சீலன்ற் போடுங்கள். உள்ளே உட்கூரையில் மண்ணிற வளையம் தெரிந்தால் மழை எங்கால் இறங்குகிறது என்று சொல்லிவிடும்.

வயர் வேலைக்காகத்தான் பலர் அம்புலன்ஸைத் தேடுவார்கள். பாதிதான் பயன்படும். பழைய இன்வேட்டரையும் ஈயப் பற்றரியையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பியூஸ் பெட்டி, சுவரோடு ஓடுகிற வயர், 230 வோல்ற்று பிளக், உள்விளக்கு ஆகியன தங்கம். இரண்டு பற்றரியையும் இணைக்கிற றிலே ஈயத்துக்குச் சரி. அதே றிலேயில் லிதியம் பற்றரியைக் கொழுவினால் அது இழுக்கிற கரண்டைத் தாங்காமல் ஐட்லிங்கிலேயே ஒல்ரநேற்றர் கொதிக்கும். கரண்டை மட்டுப்படுத்தும் 30 அம்பியர் டி.சி.-டி.சி. சாஜர் ஒன்றை நடுவில் போடுங்கள். 10 சதுர மி.மீ கேபிள், இரு பற்றரிப் பக்கமும் 50 அம்பியர் பியூஸ். சைரன் பெட்டியின் வயரை அடியோடு எடுக்காவிட்டால் அது இரவிரவாகப் பற்றரியை உறிஞ்சும். எல்லாம் நிறுத்தியபின் 50 மில்லி அம்பியருக்கு மேல் ஓடினால் பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கள்ளனைப் பிடியுங்கள்.

40 லீற்றர் கொம்பிறசர் பிறிட்ஜ் நாளுக்கு 35 அம்பியர்-மணி, காற்றாடி 20, விளக்கும் போனும் 10, மொத்தம் 65. 100 அம்பியர்-மணி லிதியம் போதும். 200 வற் சோலார் பலகை நம்ம வெயிலில் 55 தரும், மிச்சம் ஓட்டத்தில் ஏறிவிடும். ஃபைபர் கூரையில் பலகையை வெறும் ஆணியில் நிறுத்தாதீர்கள். உள்ளே அலுமினியத் தட்டு கொடுத்துப் போல்ற் பண்ணவேண்டும்.

அம்புலன்ஸின் மிகப் பெரிய குறை காற்றோட்டம். கண்ணாடி மங்கலாக்கப்பட்டது, அநேகமாகத் திறக்காது, பின் ஏ.சி. இயந்திரம் ஓடினால்தான் ஓடும். ஓகஸ்ட் 15 மடுமாதா கோவில் திருவிழாவுக்குக் காட்டுக்குள் வண்டியை நிறுத்திப் படுப்பதென்றால் சோளகம் வீசினாலும் உள்ளே அவியும். 355 மி.மீ சதுரக் கூரைக் காற்றாடி ஒன்றும், எதிரெதிரே இரண்டு திறக்கிற யன்னலும் நுளம்பு வலையோடு வைக்காமல் இந்த வண்டியைக் கேம்பர் என்று சொல்லக்கூடாது. ஒக்சிசன் சிலிண்டர் தாங்கியில் சமையல் வாயு சிலிண்டரை வைக்கிற யோசனையையும் விடுங்கள். வாயு காற்றைவிடப் பாரம், தரையில் தேங்கும். வெளியால் மட்டும் திறக்கிற, அடியில் துளையுள்ள தனிப் பெட்டி வேண்டும்.

கழற்ற முன்னர் தடித்த கையுறையும் குறடும் எடுங்கள். வாங்குக்கு அடியிலும் பலகை இடுக்கிலும் ஊசி கிடக்கும், கையை விட்டுத் துழாவாதீர்கள். 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

மற்ற இரண்டுக்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. டொல்பின் என்கிற பழைய ஹையேஸ் மலிவு, 3எல்., 5எல். டீசலை மாங்குளத்தில் எந்தக் கராஜிலும் திருத்தலாம், பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். ஆனால் உடல் பழசு, ரிங்கர் (தகடு திருத்தும்) வேலை முடிவில்லாதது, புகைப் பரிசோதனை தலையிடி. லாண்ட் குறூசர் 78 முற்றிலும் வேறு வண்டி. 4164 சி.சி. 1எச்.இசற். இயந்திரம் ரேபோ இல்லாதது, மாரியில் ஒட்டுசுட்டான் உட்காட்டுப் பாதையில் கே.டி.எச். சேற்றில் புதையும் இடத்தில் இது நகரும். உள்ளே ஒடுக்கம், டீசலும் குடிக்கும். இரணைமடுக் குளக்கட்டுக்கும் நாயாற்றுக் கடலுக்கும் போய்வருகிறவருக்கு இது மிதமிஞ்சின செலவு.

கடதாசி பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பதிவுப் புத்தகத்தில் வாகன வகுப்பு அம்புலன்ஸ் என்றிருந்தால், மாற்றம் செய்ய முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி எடுக்கவேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியோ நிறுவனமோ இருந்தால் அவர்களின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். தீர்வைச் சலுகையில் வந்த நன்கொடை வண்டி என்றால் கைமாற்றத்துக்கு வரி மீதி உண்டா என்று விற்கிறவரைக் கொண்டு எழுத்தில் எடுப்பியுங்கள். காப்புறுதியில் அம்புலன்ஸ் என்று எழுதி, உள்ளே அடுப்பும் கட்டிலும் இருந்தால் விபத்தன்று கைவிரிப்பார்கள். "ஓபன் பேப்பர்" வண்டியை மலிவென்று எடுக்காதீர்கள், எம்.ரி.ஏ. 6, 8 என்ற உரிமை மாற்றப் படிவங்களில் பெயரும் திகதியும் நிரப்பித்தான் கையெழுத்து.

விற்கிறவருக்கும் இதே அறிவு உதவும். சுழல்விளக்கு, சைரன், சிவப்புப் பட்டை எல்லாம் கழற்றுங்கள். தனியார் வண்டியில் சுழல்விளக்கும் சைரனும் இருக்கக்கூடாது. தடுப்புச் சுவர், வாங்கு, பியூஸ் பெட்டி, பின் ஏ.சி. இவற்றைத் தொடாதீர்கள். துண்டு துண்டாகப் பிடுங்கி விற்றால் மொத்தத்தில் குறையும். தரைவினைலை ஒரு மூலையில் தூக்கி எடுத்த படம், குளிர்ந்த இயந்திரம் ஸ்ராட் ஆகிற வீடியோ, ரயரின் நான்கு இலக்க உற்பத்தித் திகதி தெரிகிற படம் மூன்றையும் விளம்பரத்தில் போட்டால் வாங்காமல் சும்மா விசாரிக்கிற ஆட்கள் குறைவார்கள். சாதாரண கே.டி.எச்.க்கு மாற்றாகக் கொடுக்கிறதென்றால் அவரவர் வண்டிக்குத் தனித்தனியே விலை எழுதி, வித்தியாசத்தைப் பிறகு பேசுங்கள். மொத்தமாகப் பேசினால் அம்புலன்ஸின் கழிவு இரண்டு தடவை கழிபடும்.