50 கிராம் ட்யூப் எத்தனை நாள் வரும்? தீயணைப்பு வீரர்களுக்கு ஜிங்க் சன்ஸ்கிரீன்

சித்திரையில் வறண்ட கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் பற்றிக்கொண்டால், அணைத்து முடிப்பதற்குள் உச்சி வெயில் சாய்ந்துவிடும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அந்தப் பொட்டலில் ஒதுங்க நிழல் கிடையாது. தீயணைப்புப் பணியையே புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் 2022இல் சேர்த்தது உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. அதில் உறுதியான சான்று நுரையீரல் உறைப் புற்றுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுக்கும்தான்; மெலனோமா என்கிற தோல் புற்றுக்குக் கிடைத்திருப்பது குறைவான சான்று. வெயிலோடு கரியும் தோலில் படிகிற வேலை என்பதை மனதில் வைத்தே இந்த கிரீமைப் பார்க்க வேண்டும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் எஸ்பிஎஃப் 50, பிஏ++++ ஜிங்க் ஆக்ஸைடு வகை இது. எஸ்பிஎஃப் என்பது தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு; பிஏ என்பது யூவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிருக்கான அளவு. எஸ்பிஎஃப் 30 யூவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக விலை பார்ப்பதைவிட, பூசும் அளவைப் பார்ப்பது மேல். சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் எஸ்பிஎஃப் அளவைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி முகம், காது, கழுத்துக்கு ஏறக்குறைய 2 கிராம். முழங்கைக்குக் கீழே இரண்டு கைக்கும் 3 கிராம். ஒரு தடவைக்கு 5, காலையில் ஒன்று மதியம் ஒன்று என்றால் 10. அதாவது 50 கிராம் ட்யூப் ஐந்தே நாள்! பட்டாணி அளவு தொட்டுத் தடவி மாசக்கணக்கில் ஓட்டுகிறவருக்கு ட்யூபில் போட்டிருக்கும் 50 கிடைக்காது.

அதனால் முதலில் துணி. முழுக்கை காக்கிச் சட்டை போட்டால் கைக்கு கிரீம் மிச்சம், புறங்கைக்குக் கொஞ்சம் போதும். ட்யூப் பத்து நாளாவது வரும். துணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்; வெளிச்சம் ஊடுருவினால் கதிரும் ஊடுருவும். நனைந்த வெள்ளைத் துண்டு சுகமாக இருக்கும், தடுப்பது ரொம்பக் குறைவு. முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள தொப்பியில் காதும் பிடரியும் வெயிலில்தான். டிரில்லுக்குச் சுற்றிலும் 7 சென்டிமீட்டருக்குக் குறையாத விளிம்புள்ள தொப்பி வேண்டும்.

குறைகள் உண்டு. மாநிறத்தில் பூசினால் செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்து நிற்கும்; அயர்ன் ஆக்ஸைடு கலந்த டின்டட் (நிறம் சேர்த்த) வகை வாங்கினால் அது குறையும். நெற்றி வியர்வையோடு வழிந்து கண்ணுக்குள் போனால் எரியும், ஆனால் ஜிங்குக்குப் பதிலாக ரசாயனப் பொருள் கதிரை வடிகட்டும் வகைகளைவிடக் குறைவு. நெற்றிக்கு மட்டும் ஸ்டிக் வைத்துக்கொள்ளலாம். மூச்சுக்கருவி முகமூடி படியும் ஓரத்தில் பூசக் கூடாது. வழுக்கி, சீல் விட்டுப் போகும்.

மறுபடி பூசுவதில்தான் பெரிய தப்பு நடக்கிறது. தீயணைத்து வந்த கையோடு கரி மேலேயே கிரீமைத் தேய்த்தால், புகைக்கரியிலுள்ள நச்சு எண்ணெய்ப் பசையில் கரைந்து தோலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். முதலில் ஈரத்துணியால் கழுத்து, தாடை, கை துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் பூசுங்கள். நிலையத்துக்கு வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் குளியல். ஸ்ப்ரே வகை இந்த வேலைக்குச் சுத்தமாக ஆகாது: ஆல்கஹால் கலந்தது, தீப்பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில். அதற்கு எந்த கிரீமும் உதவாது. பூட் கழற்றும்போது உள்ளங்காலைப் பாருங்கள். அடிபடாத நகத்தில் கறுப்புக் கோடு அகன்றுகொண்டே போனாலோ, ஆறாத புண் மாதம் தாண்டினாலோ, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டிவிடுங்கள்.

ட்யூபை வண்டி டேஷ்போர்டில் போட்டுவைக்காதீர்கள். சூட்டில் எண்ணெய் தனி, தண்ணீர் தனியாகப் பிரியும், குலுக்கினாலும் சேராது. பானை வைக்கிற மூலை போதும்.