ஆண்டு டைரி, கோடு போட்ட நோட்டு, கைபேசிச் செயலி: எதில் எழுதலாம்?

நான் நோட்டுக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதி அச்சிட்ட டைரியில் சில வருடங்கள், கணினியில் சில வருடங்கள், கைபேசிச் செயலியில் கொஞ்ச காலம் என்று சுற்றி வந்த பிறகு, இப்போது இரண்டு குயர் ரெஜிஸ்டர் நோட்டில் நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேனா பிடித்து எழுதும் சுகத்தையும் செயலியின் வசதியையும் பற்றி எல்லோருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே ஒரு கேள்விதான்: இன்று எழுதியதை இருபது வருடம் கழித்து எடுத்துப் படிக்க முடியுமா?

ஆண்டு டைரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வங்கியோ துணிக்கடையோ இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. தாள் நன்றாகவே இருக்கும், கட்டும் உறுதி. கெடுப்பது அச்சிட்ட தேதி. ஒன்றும் நடக்காத செவ்வாய்க்கிழமைக்கும் ஒரு பக்கம், வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்த நாளுக்கும் அதே ஒரு பக்கம். சில டைரிகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்தான். உட்கார்ந்து எழுத நேரம் கிடைப்பதே அன்றைக்குத்தான் என்பதை அச்சடிப்பவர்கள் யோசிப்பதில்லை. நான்கு நாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கங்கள் வருகைப் பதிவேடு போல முறைக்கும். பிப்ரவரியோடு நின்றுபோன டைரிகள் எத்தனை வீடுகளில் பால் கணக்குக்குப் போயிருக்கின்றன! கணக்கு எழுத அதைவிட நல்ல பொருள் கிடையாது என்பதும் உண்மை.

தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய நாட்குறிப்பு ஆனந்தரங்கப் பிள்ளையுடையது. புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸ் பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்தவர். 1736 முதல் 1761 வரை எழுதியிருக்கிறார். கப்பல் வந்ததும், படை எடுப்பும், ஊர் வம்பும், தன் ஜாதக பலனும் எல்லாம் அதில் உண்டு. சில நாட்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். சில நாட்களுக்குப் பதிவே இல்லை. அச்சிட்ட டைரியைக் கொடுத்திருந்தால் இத்தனை விரிவாக எழுதியிருப்பாரா என்பது என் சந்தேகம்.

அடுத்து செயலி. ஐபோனில் ஆப்பிளின் ஜர்னல் 2023 டிசம்பரிலிருந்து வருகிறது. 2011இல் தொடங்கிய டே ஒன் பலருக்குப் பழக்கமானது. படம் சேர்க்கலாம், இடம் தானாகப் பதியும், பஸ்ஸில் நின்றபடியே எழுதலாம், குரலால்கூட எழுதலாம். தேடும் வசதிதான் இதன் பெரிய பலம் என்பார்கள். தமிழில் எழுதுபவருக்கு அதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ‘வீடு’ என்று தேடினால் எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்கும் சாதாரணத் தேடல் ‘வீட்டில்’ என்று எழுதியதைக் காட்டாது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தடி’ வராது. சொல்லைப் பாதியில் வெட்டித் தேடப் பழகிவிட்டால் சமாளிக்கலாம். அப்படிப் பார்த்தாலும் நோட்டில் பக்கம் புரட்டித் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல், மறுக்க மாட்டேன்.

ஆனால் இருபது வருடக் கேள்வி வரும்போது எனக்குப் பழைய எழுத்துருக்களின் ஞாபகம் வந்துவிடுகிறது. 2000ஐ ஒட்டிய வருடங்களில் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஆளுக்கொரு எழுத்துருமுறை: ஒருவர் பாமினி, ஒருவர் டிஸ்கி, ஒருவர் டாப் அல்லது டாம். அன்று பாமினியில் எழுதிய கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல்லின் இடத்தில் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். பக்கம் முழுவதும் அப்படித்தான். அந்தக் காலத்தில் நான் எழுதியவை ஃபிளாப்பியிலும் குறுந்தகட்டிலும் இருந்தன. அவற்றைத் திறக்க முதலில் அந்த வட்டைப் படிக்கும் கருவி வேண்டும், பிறகு கோப்பைத் திறக்கும் மென்பொருள், பிறகு எழுத்துரு மாற்றி. மூன்றும் கூடி வந்தால் படிக்கலாம். ஒன்று குறைந்தாலும் முடியாது. எனக்குப் பாதிதான் தேறியது. அதே வருடங்களில் நாற்பது பக்க நோட்டில் கிறுக்கியவை இன்றும் அப்படியே இருக்கின்றன.

இப்போது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக யூனிகோடு வந்துவிட்டதே என்று கேட்கலாம். நியாயம்தான். தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. எழுத்துருச் சிக்கல் இனி அந்த அளவில் வராது. இன்றைய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. செயலி நடத்தும் நிறுவனம் கைமாறலாம், கடையை மூடலாம். டே ஒன்னை 2021இல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வாங்கியது. அது நல்லபடியாகவே நடக்கிறது. ஆனால் பலர் இலவசமாக இணையப் பக்கம் வைத்திருந்த யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது, கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இல். பிறர் இடத்தில் வைத்த எழுத்துக்கு அந்த இடம் இருக்கும் வரைதான் ஆயுள். செயலிதான் வேண்டும் என்பவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் அழகைப் பார்க்க வேண்டாம். எழுதியதை மொத்தமாக வெளியே எடுக்கும் வசதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எடுத்தால் வெறும் எழுத்தாக வருகிறதா என்றும் பாருங்கள். வருடம் ஒருமுறை அப்படி எடுத்து வைப்பவருக்கு என் வாதம் பெரும்பாலும் பொருந்தாது. அப்படிச் செய்பவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நோட்டுக்கும் பராமரிப்பு உண்டு. தானாக இருபது வருடம் இருந்துவிடாது. ஸ்பைரல் கம்பி கடலோர ஊர்களில் துருப்பிடிக்கும். பசையால் ஒட்டிய கட்டு வெயிலில் பிரியும். ஆகவே நூலால் தைத்த, கெட்டி அட்டை போட்ட ரெஜிஸ்டர்தான் சரி. மையைப் பொறுத்தவரை பால்பாயிண்ட் எண்ணெய் மை. நீர் பட்டாலும் எளிதில் ஓடாது. ஃபவுண்டன் பேனாவின் கழுவக்கூடிய நீல மை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைந்துவிடும். ஜெல் பேனாவை நம்புவது பிராண்டைப் பொறுத்தது: நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி, காய்ந்த பிறகு நீர் தெளித்துப் பாருங்கள். அழிக்கக்கூடிய ஜெல் பேனா பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அந்த மை சூட்டில் மறையும்படி செய்யப்பட்டது, வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் பக்கம் வெறுமையாகலாம்.

பிறகு கரையான், இராமபாணப் பூச்சி, வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் கீழ்த்தளத்தில் இருந்த எத்தனையோ வீடுகளின் காகிதங்கள் போயின. பீரோவின் மேல் தட்டு, சுவரை ஒட்டாத இடம், வருடம் ஒருமுறை நிழலில் காற்றாட விரித்து வைப்பது, இவ்வளவு செய்தால் போதும். அந்துருண்டையா வேப்பிலையா என்ற சண்டையில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. நான் வேப்பிலை போடுகிறேன், பூச்சி வரவில்லை. போடாமல் இருந்தாலும் வந்திருக்காதோ என்னவோ.

தேடும் குறைக்கு என் ஏற்பாடு எளிது. பக்கங்களுக்கு எண் போட்டு, முதல் இரண்டு தாளை அட்டவணைக்கு விட்டுவிடுகிறேன். திருமணம், நோய், பயணம், வீடு மாறியது என்று பெரியவற்றை மட்டும் அதில் ஏற்றுகிறேன். மாதக் கடைசியில் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைக்கிறேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்புகள் 1846இல் கவனத்துக்கு வந்து படி எடுக்கப்பட்டதால்தான் நம் கைக்குத் தாராளமாகக் கிடைத்தன. எதில் எழுதினாலும் இரண்டாவது படி ஒன்று வேண்டும். அந்த வகையில் கைபேசி எனக்கும் தேவைப்படுகிறது, எழுதும் இடமாக அல்ல, படி வைக்கும் இடமாக.

நோட்டு தோற்கும் இடம் அந்தரங்கம். லண்டனில் வாழ்ந்த சாமுவேல் பெப்பிஸ் 1660 முதல் 1669 வரை எழுதிய நாட்குறிப்பைச் சுருக்கெழுத்தில் எழுதினார். அதனால் வீட்டார் யாரும் சட்டென்று படித்திருக்க முடியாது. நம்மில் பலருக்குச் சுருக்கெழுத்தும் தெரியாது, பூட்டிய அறையும் கிடையாது. விடுதியில் நால்வரோடு ஓர் அறையில் இருப்பவருக்கும், வீட்டில் தன் பொருளைப் பிறர் புரட்டுவார்கள் என்ற பயம் உள்ளவருக்கும் நான் நோட்டைச் சொல்ல மாட்டேன். கடவுச்சொல் போட்ட செயலிதான் அவர்களுக்குச் சரி. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் பார்வை குறைந்தவர்களுக்கும் குரல் வழி எழுதுவது உதவும் என்று நினைக்கிறேன். அதை நான் நாள்பட முயன்று பார்த்ததில்லை. செயலியின் கடவுச்சொல்லை மட்டும் நம்பகமான ஒருவரிடம் சொல்லியோ எழுதியோ வைப்பதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் அந்த முடிவை எடுக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள்.