சின்ன காரா ஹைப்ரிட்டா? மொதல்ல எவ்ளோ பிரேக் அடிப்பீங்கன்னு சொல்லுங்க

கார் பைத்தியங்க நாலு பேர் ஒண்ணா உக்காந்தா இந்த சண்டை வராம இருக்காது. ஒரு கோஷ்டி, லேசான சின்ன பெட்ரோல் கார், கையில கியர், அதுக்கு மேல என்னய்யா வேணும், ஹைப்ரிட்டுங்கறது, அதாவது பெட்ரோல் இஞ்சினோட கரண்ட் மோட்டாரும் சேந்து ஓட்டற கார், பேட்டரியயும் சேத்து தூக்கிட்டு சுத்தற வெட்டி வேலைம்பாங்க. இன்னொரு கோஷ்டி, டிராஃபிக்ல நின்னுட்டு இஞ்சின சும்மா ஓடவிட்டு பெட்ரோல் எரிக்கிறதுதான் வெட்டி வேலைம்பாங்க. ரெண்டு பக்கமும் மைலேஜ் டிஸ்ப்ளேவ ஃபோட்டோ எடுத்து ஃபோன்ல வச்சிருப்பாங்க, அது எந்த ரோட்ல எந்த ஸ்பீட்ல எடுத்ததுன்னு கேட்டா மட்டும் பேச்ச மாத்திடுவாங்க.

நான் ரெண்டு பக்கத்தயும் ஓட்டிட்டேன். ஒரு பக்கம் சுசுகி ஸ்விஃப்ட் 1.2 மேனுவல், இன்னொரு பக்கம் டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட், ஹோண்டா ஜாஸ் ஹைப்ரிட், அப்பறம் டொயோட்டாவோட அஞ்சாவது தலைமுறை ப்ரியஸ் ஹைப்ரிட். ஸ்விஃப்டும் யாரிஸும் தான் நேருக்கு நேர் வைக்க சரியான ஜோடி, ரெண்டுமே 4 மீட்டருக்குள்ள அடங்குற கார், ரெண்டுலயும் மூணு சிலிண்டர், ஸ்விஃப்ட் ஒரு டன்னுக்கும் கம்மி, யாரிஸ் ஹைப்ரிட் சுமார் 1100 கிலோ. ஆக "ஹைப்ரிட்னா குண்டு கார்"ங்கற வாதம் இங்க செல்லாது, நடுவுல ஆள் ரெண்டு பேரு ஏறின வெயிட்டுதான் வித்தியாசம்.

என்ன கேட்டா சின்னதா ஹைப்ரிட்டாங்கற கேள்வியே தப்பு. கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், நீங்க ஒரு நாளைக்கு எவ்ளோ பிரேக் அடிக்கிறீங்க?

ஏன்னா கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு டன் கார் 50 கிமீ ஸ்பீட்ல போகும்போது அந்த வேகத்துல அடங்கியிருக்கற சக்தி சுமாரா 96 கிலோஜூல். சிக்னல் சிவப்பாச்சுன்னு பிரேக் அமுக்கினா அவ்ளோவும் டிஸ்க்ல சூடாகி காத்தோட போயிடும். பச்ச விழுந்ததும் அதே வேகத்துக்கு திரும்ப வரணும்னா, பெட்ரோல்ல இருக்கற சக்தில கால்வாசிக்கு கொஞ்சம் மேலதான் சாதா இஞ்சின் வேலையா மாத்துதுன்னு வச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட 10 மில்லி பெட்ரோல் வேணும். அப்போ நூறு தடவ நின்னு கெளம்பினா ஒரு லிட்டர், அதுவும் ரோட்ல முன்னாடி போறதுக்கு இல்ல, வெறும் நின்னதுக்கு தண்டம். ஹைப்ரிட் அந்த பிரேக் அடிக்கற நேரத்துல மோட்டார ஜெனரேட்டரா மாத்தி அதுல ஒரு நல்ல பங்க பேட்டரில போட்டுக்குது. முழுசா வராது, உள்ள போகும்போது கொஞ்சம் வெளிய வரும்போது கொஞ்சம்னு சேதாரம் இருக்கும், இருந்தாலும் சும்மா போறதுக்கு பாதி கெடச்சாலும் லாபம்தானே. ஆனா பிரேக்கே தொடாம 90, 100ல விட்டு அடிக்கற ரோட்ல? அங்க திருப்பி எடுக்கறதுக்கே ஒண்ணும் கெடையாது, இஞ்சினுக்கு சண்டை முழுக்க காத்தோடதான்.

இத நான் சொல்றத விட அமெரிக்காவோட சுற்றுச்சூழல் துறை ஈபிஏ போட்ட மைலேஜ் நம்பர பாத்தா புரியும். மிட்சுபிஷி மிராஜ்னு ஒரு கார், 1.2 லிட்டர் மூணு சிலிண்டர், 78 குதிரை, சுமார் 950 கிலோ, ஹைப்ரிட் சமாச்சாரம் எதுவும் கெடையாது, சின்ன கார் கோஷ்டி ஆசப்படற மாதிரியே ஒரு கார். சிட்டில 36 எம்பிஜி (ஒரு கேலனுக்கு எத்தன மைல்ங்கற கணக்கு), ஹைவேல 43, அதாவது நம்ம கணக்குல லிட்டருக்கு சுமார் 15, 18 கிமீ. புது ப்ரியஸ் முன்வீல் டிரைவ் பேஸ் மாடல் அதவிட நானூறு கிலோவுக்கு மேல கூட, 194 குதிரை, அது சிட்டில 57, ஹைவேல 56, ரெண்டுமே லிட்டருக்கு 24 கிமீ கிட்ட. வித்தியாசம் எங்க பெருசுன்னு பாருங்க, சிட்டில. ஹைவேக்கு வந்ததும் பாதிக்குப் பாதி சுருங்கிடுது.

சரி, அப்ப ஹைவேலயும் ப்ரியஸ் ஏன் ஜெயிக்குதுன்னு சின்ன கார் கோஷ்டி கேக்கும், கேக்கணும், நல்ல கேள்வி. அதுக்கு காரணம் பேட்டரி இல்ல, இஞ்சின். அட்கின்சன் சைக்கிள்னு சொல்லுவாங்க, உள்ள இழுத்த காத்துல கொஞ்சத்த இன்டேக் வால்வ லேட்டா மூடி திருப்பி அனுப்பிடும், அதனால அமுக்கறது கம்மியா விரியறது அதிகமா நடக்கும், சூட்டுல இருந்து வேலைய பிழிஞ்சு எடுக்கும். 2015ல வந்த நாலாவது ப்ரியஸ்லயே 40 சதவீத வெப்பத்திறன்னு டொயோட்டா சொல்லிச்சு. இதோட கொறை என்னன்னா இஞ்சின் மெதுவா சுத்தும்போது இழுவையே இருக்காது, தனியா ஒரு சின்ன கார்ல போட்டீங்கன்னா மேடு ஏறும்போது அழுவும். அந்த எடத்த மோட்டார் வந்து நெரப்புது. ஆக மோட்டார் பண்ற பெரிய உதவி பெட்ரோல மிச்சம் பண்றது கூட இல்ல, மிச்சம் பண்ற இஞ்சின வச்சுக்க விடறதுதான். இது புரியாமத்தான் பாதி சண்டை நடக்குது.

இப்ப ஓட்டற ஃபீலுக்கு வருவோம், ஏன்னா மைலேஜ் மட்டும் பாக்கறவன் இவ்ளோ தூரம் படிச்சிருக்க மாட்டான்.

யாரிஸ் ஹைப்ரிட்ல கெளம்பற மொத பத்து இருவது மீட்டர் சொகம்னா சொகம், சத்தமே இல்லாம மோட்டார்ல நழுவும், டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது கிளட்ச் மிதிச்சு மிதிச்சு இடது கால் வலிக்கற கதையே கெடையாது. ஏசி கம்ப்ரஸரும் கரண்ட்ல ஓடறதால இஞ்சின் நின்னாலும் சில்லுன்னு காத்து வந்துட்டே இருக்கும், சாதா கார்ல ஸ்டார்ட் ஸ்டாப் போட்டு வச்சிருந்தா சிக்னல்ல நின்ன கொஞ்ச நேரத்துல வெதுவெதுன்னு ஆயிடும்ல, அது இங்க இல்ல. ஆனா ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலேட்டர தரையோட அமுக்குங்க, இஞ்சின் ஒரே சுதில வீல்னு கத்தும், கார் அதுக்கப்பறம் நிதானமா பின்னாடி வரும். வேகம் வரலன்னு இல்ல, வருது, காதும் முதுகும் வேற வேற கதை சொல்லுது அவ்ளோதான்.

இது ஏன்னு தெரிஞ்சா கோவம் கொறையும். உள்ள கியர்பாக்ஸ்னு நாம நெனைக்கற சாமானே கெடையாது, கியர் படியே இல்லாம பெல்ட்ல ஓடற சிவிடியும் இல்ல. நடு கியர், அத சுத்தி சின்ன கியருங்க, வெளிய ஒரு வளையம்னு இருக்கற பிளானட்டரி கியர் செட், அதுல நடுவுல ஒரு மோட்டார், வெளி வளையத்துப் பக்கம் இன்னொரு மோட்டாரும் வீலும், இடையில இஞ்சின். பழைய ப்ரியஸ்ல நடு கியருக்கு 30 பல், வளையத்துக்கு 78 பல், அதனால இஞ்சினோட டார்க்ல, அதாவது சுத்தற விசைல, 72 சதவீதம் நேரா வீலுக்கும் 28 சதவீதம் ஜெனரேட்டருக்கும் பிரிஞ்சு போகும். நடு மோட்டார் எவ்ளோ வேகமா சுத்துதோ அத வச்சுதான் "கியர்" மாறுது. கிளட்ச் இல்ல, தனி செல்ஃப் மோட்டார் இல்ல, பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர் இல்ல, ரிவர்ஸ் கியர்கூட இல்ல, மோட்டார எதிர்ப்பக்கம் சுத்திவிட்டா ரிவர்ஸ். "ஹைப்ரிட்னா காம்ப்ளிகேட்டட், சாமான் ஜாஸ்தி, ரிப்பேர் ஜாஸ்தி"ன்னு சொல்றவங்க இந்த லிஸ்ட ஒரு தடவ படிக்கணும், தேஞ்சு போற ஐட்டமெல்லாம் மேனுவல் கார்லதான் அதிகம்.

ஹோண்டா வேற ரூட்ல போயிருக்கான். ஜாஸ்ல சிட்டி ஸ்பீட்ல பெரும்பாலும் இஞ்சின் ஜெனரேட்டர்தான் ஓட்டும், வீல மோட்டார் பாத்துக்கும், 253 நியூட்டன் மீட்டர் டார்க், அதனால சிக்னல்ல இருந்து கெளம்பறது எலெக்ட்ரிக் கார் மாதிரியே இருக்கும். ஹைவே ஸ்பீட் வந்ததும் ஒரு கிளட்ச் புடிச்சு இஞ்சின நேரா வீலோட சேத்துடும், ஏன்னா சீரான வேகத்துல கரண்டா மாத்தி மறுபடி சுத்தவிடறது நஷ்டம். நிஸான் ஈ-பவர்ல, 2016ல நோட்னு ஒரு கார்ல வந்ததே அது, இந்த நேர் கனெக்ஷனே கெடையாது, இஞ்சின் கடைசி வரைக்கும் ஜெனரேட்டர் மட்டும்தான். டிராஃபிக்குக்கு ஈ-பவர் அருமை, நெடுந்தூரம் ஓட்டறவங்களுக்கு ஹோண்டா ஐடியா புத்திசாலித்தனமா படுது எனக்கு.

ஆனா மனசத் தொட்டு சொல்றேன், வளைஞ்சு வளைஞ்சு போற ரோடு கெடச்சா நான் ஸ்விஃப்ட் சாவியத்தான் எடுப்பேன். 82 குதிரைதான், அது போதும், மொத்தத்தயும் வச்சு செய்யலாம். மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கு எறக்கி, வளைவுக்கு முன்னாடி பிரேக் தொட்டு மூக்க கொஞ்சம் அமுக்கி, திருப்பினா வண்டி உடனே திரும்பும். லேசா இருக்கறதோட அருமை அங்கதான், டயருக்கும் பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் எல்லாத்துக்கும் வேலை கம்மி. யாரிஸும் சும்மா இல்ல, பேட்டரி பின் சீட்டுக்கு அடில இருக்கறதால வெயிட் தாழ்வா உக்காந்து வளைவுல நல்லாவே நிக்குது. மாட்டறது பிரேக் பெடல்லதான். மொத பாதி அமுக்கல் மோட்டார் புடிக்குது, அப்பறம் பேடு புடிக்குது, ரெண்டும் கை மாறற எடத்துல, முக்கியமா நிக்கப்போற கடைசி நொடில, கால்ல லேசா ஒரு நெருடல். சாதாரணமா ஓட்டறவங்களுக்கு தெரியவே தெரியாது, ஹீல் அண்ட் டோ, அதாவது ஒரே கால்ல பிரேக்கயும் ஆக்ஸிலேட்டரயும் சேத்து மிதிச்சு கியர் எறக்கி பழகினவனுக்கு மட்டும் உறுத்தும்.

ப்ரியஸ் பத்தி ஒரு வார்த்த, ஜீரோவுல இருந்து நூறுக்கு ஏழரை செகண்ட் கிட்ட போற ப்ரியஸ் வரும்னு 1997ல மொத மாடல் வந்தப்போ யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. பின் சீட்ல உயரமான ஆள் உக்காந்தா தலை இடிக்கும், கூரைய அவ்ளோ சரிச்சுட்டாங்க. டச் ஸ்க்ரீன், லைட்டிங் எல்லாம் நல்லாருக்கு, அத விடுங்க.

எரிச்சல் வர்ற விஷயம் ஒண்ணு இருக்கு, மைல்ட் ஹைப்ரிட். ஆல்டர்னேட்டர் எடத்துல கொஞ்சம் பெரிய மோட்டார், 12 வோல்ட்டோ 48 வோல்ட்டோ ஒரு குட்டி பேட்டரி, டிக்கில பெருசா ஹைப்ரிட்னு பேட்ஜ். பெரும்பாலும் மோட்டார்ல மட்டும் வண்டி ஒரு அடி நகராது. இஞ்சின அலுங்காம ஸ்டார்ட் பண்ணும், கெளம்பும்போது ஒரு கை தாங்கும், அவ்ளோதான். கெட்டதுன்னு சொல்லல, ஆனா அத ஓட்டிட்டு "ஹைப்ரிட்ல ஒண்ணும் மைலேஜ் வரல"ன்னு சொல்றதும், அத வச்சுக்கிட்டு "நாங்களும் ஹைப்ரிட்"ன்னு சொல்றதும் ரெண்டுமே அநியாயம்.

ஹைப்ரிட்டு தோக்கற எடமும் இருக்கு. பக்கத்து தெரு வரைக்கும் போய்ட்டு வர்ற ஆளுக்கு இது சரிப்படாது, ஏன்னா கார் எடுத்ததும் பேட்டரில சார்ஜ் இருந்தாலும் புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர சூடாக்க இஞ்சின் ஓடியே தீரும், சூடாகி முடியறதுக்குள்ள நீங்க வீட்டுக்கே வந்துடுவீங்க. அதே மாதிரி நீளமான மலை எறக்கம், யாரிஸ் பேட்டரில ஒரு யூனிட் கரண்ட்கூட கொள்ளாது, அதுலயும் ஆயுசு கெடாம இருக்க மேலயும் கீழயும் கொஞ்சம் விட்டுட்டு நடுவுல இருக்கறததான் கார் உபயோகிக்கும், அதனால கொஞ்ச தூரம் எறங்கினதும் ரொம்பிடும், அப்பறம் இஞ்சின சும்மா சுத்தவிட்டு வேகத்த புடிக்கும். திடீர்னு இஞ்சின் உறுமுதேன்னு பயப்படாதீங்க, அது பெட்ரோல் குடிக்கல.

பேட்டரி செத்துடும்னு பயம் காட்டறவங்களுக்கு, அந்த நடுவாந்திர சார்ஜ் ஏற்பாடுதான் பதில், முழுசா ஏத்தி முழுசா எறக்கற ஃபோன் பேட்டரியோட இத ஒப்பிடவே கூடாது. ஆனா பேட்டரி மூச்சு விடணும். நெறைய மாடல்ல பின் சீட் ஓரத்துல வலை மாதிரி ஒரு ஜாலி இருக்கும், அது வழியாத்தான் கூலிங் ஃபேன் காத்து இழுக்கும். அதுக்கு முன்னாடி பைய வச்சு அடைக்கறது, நாய் முடி, தூசின்னு ஃபில்டர் பஞ்சு மாதிரி ஆகறது, இதுதான் பேட்டரிய சூடாக்கி காலி பண்ணுது. பாதி பேருக்கு அப்படி ஒரு ஃபில்டர் இருக்கறதே தெரியாது.

என் கணக்கு இதுதான்: தெனமும் நின்னு நின்னு ஊர்ற ரோடு, வருஷத்துக்கு நல்லா ஓடற வண்டின்னா யாரிஸ் இல்ல ஜாஸ், யோசிக்கவே வேணாம். வாரத்துக்கு ரெண்டு தடவ எடுக்கற வண்டி, காலி ரோடு, ஓட்டறதுல ஆசைன்னா சின்ன பெட்ரோல் மேனுவல், ஹைப்ரிட்டுக்கு கூட குடுத்த காச எடுக்கவே முடியாது. ஒரே காரு எல்லாத்துக்கும், குடும்பத்தோட ஹைவேயும் போகணும்னா ஜாஸ், பின் சீட்ட மேல மடிச்சா செடித்தொட்டிய நிக்க வச்சு கொண்டு போகலாம், டேங்க் முன் சீட்டுக்கு அடில இருக்கறதால அந்த எடம் கெடைக்குது.

பழைய ஹைப்ரிட் வாங்கறவங்க அந்த ஜாலிய கழட்டி ஃபில்டர பாருங்க, அப்பறம் டிஸ்க்க பாருங்க, பேடுக்கு வேலை கம்மிங்கறதால டிஸ்க்கு துரு புடிச்சு, பேடு இறுகிப் போயிருக்கலாம். பேட்டரில ஒவ்வொரு பிளாக்கும் எவ்ளோ வோல்ட் காட்டுதுன்னு ஸ்கேனர் போட்டு பாக்க சொல்லுங்க, ஒண்ணு ரெண்டு மட்டும் தனியா எறங்கி நின்னா, பழுதான பீஸ மட்டும் மாத்தி ஒட்டுப்போட்ட பேட்டரியா இருக்கலாம், மத்ததும் வரிசையா வரும். 12 வோல்ட் பேட்டரியயும் மறக்காதீங்க, இஞ்சின ஸ்டார்ட் பண்றது அது இல்லன்னாலும் கம்ப்யூட்டர எழுப்பறது அதுதான், அது படுத்துட்டா பெரிய பேட்டரி ஃபுல்லா இருந்தும் "ரெடி" லைட் எரியாது.