பத்துக் கோழிக்கு நூறு டோஸ் குப்பி: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி குறித்து ஒரு மதிப்புரை

சென்ற ஆண்டு தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை பஞ்சாரத்தைத் தூக்கியபோது, அப்போதுதான் முட்டைக்கு வந்திருந்த சிறுவிடைப் பெட்டை ஒன்று மட்டும் வெளியே வராமல் இறக்கையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்திருந்தது. உச்சிப்பொழுதுக்குள் அது செத்தது, மறுநாள் மூன்று, அதற்கு மறுநாள் கழுத்து முறுக்கிக்கொண்டு வட்டமடித்த சேவலோடு சேர்த்து ஆறு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எண்ணிப் பார்த்தபோது 23 உருப்படிகளில் நான்குதான் மிஞ்சியிருந்தன. நாட்டுக்கோழி வளர்க்கும் எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய கதைதான் இது. ஆனால், எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு அதற்கு மூன்று வாரம் முன்புதான் தடுப்பூசி மருந்து கொடுத்திருந்தோம் என்பதால், மருந்தின் மேல் வந்த கோபம் ஆறுவதற்கே எனக்குப் பல நாட்கள் ஆயின. அந்த மருந்தை இரண்டு முறை, இரண்டு விதமாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது.

வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல், கொள்ளைநோய் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் மருத்துவர்கள் அதை ராணிக்கெட் நோய் என்பார்கள். 1920களின் பிற்பகுதியில் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் இந்தப் பெயர் நிலைத்தது; இங்கிலாந்தில் ஏறத்தாழ அதே காலத்தில் நியூகாசில் நகருக்கருகே தென்பட்டதால் வெளிநாடுகளில் நியூகாசில் நோய் என்கிறார்கள். இது வைரஸ் நோய் என்பதுதான் வளர்ப்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி. வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது. எங்கள் கோழிகள் விழத் தொடங்கிய இரண்டாம் நாளே நான் ஒரு கடையில் மஞ்சள் நிறப் பொடி ஒன்றும், டானிக் ஒன்றும், ‘கழிச்சலுக்குக் கைகண்டது’ என்ற உறுதிமொழியோடு ஒரு சொட்டு மருந்தும் வாங்கி வந்தேன். பணம் போனதைத் தவிர வேறு விளைவில்லை. அம்மா சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் ஊட்டினார். பிழைத்த நான்கும் அந்த உருண்டையைத் தின்றவைதான். செத்த பத்தொன்பதில் பெரும்பாலானவையும் அதையே தின்றவைதான். இதை வைத்துக் கைவைத்தியத்தைப் புகழவும் முடியவில்லை, பழிக்கவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் செத்த கோழி ஒன்றை, உடல் கெடும் முன்பே, இரண்டு பாலித்தீன் உறைகளில் கட்டிப் பனிக்கட்டி வைத்த வாளியில் போட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றேன். மருத்துவர் அறுத்துக் காட்டினார். இரைப்பையின் முன்பகுதிச் சுவரில் ஊசியால் குத்தியதுபோல் சிவந்த ரத்தப் புள்ளிகள் இருந்தன. ராணிக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றாலும், திடீர்ச் சாவு பறவைக் காய்ச்சலிலும் கோழிக் காலராவிலும் வரும் என்பதால் ஆய்வகம்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று அவர் எச்சரித்தார். எங்கள் தெருவில் சாகக் கிடக்கும் கோழியை ‘வீணாய்ப் போவானேன்’ என்று அறுத்துக் குழம்பு வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்ட பிறகு நான் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். கடைசியாக அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தலைகுனிய வைத்தது. “தடுப்பூசி மருந்தை எதில் வைத்துக் கொண்டுவந்தீர்கள்?”

சட்டைப் பையில் வைத்து, ஒரு மணி நேரம் பேருந்தில்.

மருந்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குப்பிக்குள் உறையவைத்து உலர்த்திய சிறு வில்லையாக இருக்கும் இந்த மருந்தில் இருப்பது, வீரியம் குறைந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். குஞ்சுகளுக்குக் கொடுப்பது லசோட்டா அல்லது எஃப் வகை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லசோட்டா என்ற பண்ணையாளரின் கோழிகளிலிருந்து 1946-இல் பிரித்தெடுக்கப்பட்டதால் அந்தப் பெயர். எட்டு வாரம் கடந்த கோழிகளுக்கு ஊசியாகப் போடுவது ஆர்.டி.வி.கே. என்ற மருந்து, அல்லது ஆர்2பி எனப்படும் முக்தேஸ்வர் வகை. பின்னது 1940களில் குமாவுன் மலைப்பகுதியிலுள்ள முக்தேஸ்வர் ஆய்வு நிலையத்தில் உருவானது. ராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இவற்றில் சிலவற்றைத் தயாரிக்கிறது. தனியார் நிறுவனங்களின் குப்பிகளும் கடைகளில் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை, தயாரித்த இடம் முதல் கோழியின் கண் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும் என்பது. வெயிலில் கிடந்து வைரஸ் செத்துவிட்டால் உள்ளே உள்ளது உயிரற்ற தூள்தான். அதைக் கொடுத்தால் கோழிக்குத் தீங்கில்லை, பயனும் இல்லை. ஆனால், கொடுத்தவர் பாதுகாப்பு வந்துவிட்டதாக நம்பி இருந்துவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் நான் சந்தையிலிருந்து வாங்கிவந்த இரண்டு பெட்டைகளைப் பதினைந்து நாட்களாவது தனியே அடைத்து வைக்காமல் அன்றே மந்தையோடு விட்டேன்.

குற்றம் முழுவதும் என்னுடையது என்றும் சொல்லிவிட முடியாது. குப்பி விற்ற கடையில் (பெயர் தேவையில்லை) குளிர்பதனப் பெட்டி குளிர்பானப் பாட்டில்களோடு பங்கிடப்பட்டிருந்தது. நான் போன நேரத்தில் மின்சாரமும் இல்லை. பனிக்கட்டி கேட்கத் தோன்றவில்லை, கடைக்காரரும் கொடுக்கவில்லை. குழந்தைகளுக்கான போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் வெப்பம் பட்டால் நிறம் மாறும் சிறு சதுரம் ஒன்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் இதுவரை வாங்கிய எந்தக் கோழித் தடுப்பூசிக் குப்பியிலும் அப்படி ஒன்று இல்லை. காலாவதித் தேதி இருக்கிறது, வெப்பத்தின் வரலாறு இல்லை. குப்பியைச் சோதிக்க வாங்குபவர் கையில் இருப்பது ஒரே ஒரு வழிதான்: ஊசியில் கரைப்பான் திரவத்தை எடுத்து ரப்பர் மூடியில் குத்தினால், நல்ல குப்பி உள்ளிருக்கும் வெற்றிடத்தால் திரவத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சாவிட்டால் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஆனால், உறிஞ்சிய குப்பியும் வெயில் பட்டதாக இருக்கலாம் என்பதால் இந்தச் சோதனை பாதிப் பாதுகாப்புதான்.

அடுத்த குறை அளவு. எனக்குக் கடையில் கிடைத்தது 100 டோஸ் குப்பி. வீட்டில் பத்தோ இருபதோ வளர்ப்பவருக்கு இது எத்தனை பொருத்தமற்றது என்பதை, கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்ற விதியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைக்க முடியாது. விலை ஒரு முட்டைக் கோழியின் விலையில் மிகச் சிறிய பங்குதான். இருந்தும் எண்பது தொண்ணூறு டோஸைச் சாக்கடையில் கொட்டக் கை வராத நம்மவர்கள், ‘குப்பி வாங்கினால் வீண்’ என்று வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். பெரும்பண்ணைகளை மனத்தில் வைத்துச் செய்த பொருளைக் கொல்லைப்புறத்துக்கு விற்கிறார்கள் என்பதே என் முதன்மையான புகார். மருந்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுக்கலாம். அது வரும் குப்பிக்கும் விற்கப்படும் விதத்துக்கும் ஒன்றரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

குடிநீரில் கலந்து கொடுத்தது என் மூன்றாவது தவறு. பெட்டியில் அந்த முறையும் அச்சிடப்பட்டிருக்கிறது, அது பொய்யும் அல்ல. ஆனால் குளோரின் கலந்த குழாய் நீர் மருந்தைக் கெடுத்துவிடும். கொழுப்பு நீக்கிய பால்பொடியைச் சிறிது கலந்தால் அந்தக் கேடு குறையும். அதற்கு முன் ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்தால்தான் எல்லாம் தாகத்தோடு குடிக்கும். கொல்லையில் மேயும் கோழிக்கு வாய்க்கால் இருக்கிறது, துவைகல் ஓரம் இருக்கிறது, நம் தட்டில் வைத்த தண்ணீரை அது ஏன் குடிக்க வேண்டும்? கண்ணில் ஒரு சொட்டு விடுவதே வீட்டு வளர்ப்புக்கு உகந்த முறை.

இந்த முறை ஐப்பசியிலேயே தொடங்கினோம். எங்கள் தெருவில் ஆறு வீடுகள் சேர்ந்து பெரியதும் சிறியதுமாக 84 கோழிகளைக் கணக்கெடுத்து ஒரே குப்பி வாங்கினோம். வாயகன்ற தெர்மாஸ் ஃபிளாஸ்கில் பனிக்கட்டியை நிரப்பி, குப்பியைப் பாலித்தீனில் சுற்றி அதற்குள் வைத்துக் கொண்டுவந்தோம். கடையையும் மாற்றினேன், குளிர்பதனப் பெட்டிக்குள் வெப்பமானி தொங்கும் கடை அது. கரைப்பானையும் சொட்டுக் குழாயையும் தனியே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. விடியற்காலையில் கூண்டுகளைத் திறக்கும் முன் ஒருவர் பிடிக்க, ஒருவர் கண்ணில் ஒரு சொட்டு விட, சொட்டு உள்ளே இறங்கிக் கோழி கண் சிமிட்டும் வரை காத்திருந்து விட்டோம். ஆறு வீட்டையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தோம். பிடிப்பவர் தம் கண்ணைக் கையால் தேய்க்கக் கூடாது, இந்த வைரஸ் மனிதர் கண்ணிலும் எரிச்சலும் சிவப்பும் உண்டாக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை எல்லாருக்கும் இரண்டு தரம் சொன்னேன். இருந்தும் பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டு நாள் சிவந்த கண்ணோடு அலைந்தார்.

குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுசொட்டு, எட்டு வாரம் கடந்ததும் இறக்கையின் கீழே தோலுக்கடியில் அரை மில்லி ஆர்.டி.வி.கே. ஊசி என்பதே நாங்கள் பின்பற்றிய ஒழுங்கு. ஊசி மருந்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். லசோட்டாவை விட அது வீரியம் மிக்கது. வயது நிரம்பாத குஞ்சுக்கோ, முன்சொட்டு விடாத குஞ்சுக்கோ போட்டால் நரம்பைத் தாக்கக்கூடும். ஒரு வீட்டில் வயதைத் தவறாகக் கணக்கிட்டு ஆறு வாரக் குஞ்சு ஒன்றுக்குப் போட்டுவிட்டோம். அது காலை இழுத்து இழுத்து நடந்து கடைசி வரை தேறவில்லை. நோயுற்றிருக்கும் கோழிக்குப் போடுவதும் வீண். பாதுகாப்பு உண்டாகப் பத்து நாட்களாவது ஆகும் என்பதால், சீக்கு தெருவுக்குள் வந்த பிறகு குப்பி தேடி ஓடுபவருக்கு இந்தப் பொருள் பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும்.

வளர்ந்த கோழிகளுக்கான ஊசியை, ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இரண்டு வாரம் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போட்டுக்கொண்டோம். கோடைக்குச் சற்று முன்பாக வருவதால் காலம் பொருத்தமானது. குப்பியின் அளவு பற்றிய என் புகாரும் அங்கே எழாது, ஊர்க் கோழிகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வருகின்றன. சித்திரையில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு மட்டும் அந்த முகாம் உதவாது. அவற்றுக்குச் சொட்டு மருந்தை நாமேதான் தேட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், கோழியைப் பிடிக்கும் வேலையே இல்லாமல் தீவனம்போல் ஊட்டக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. பஞ்சாரத்துக் கோழிக்கு அதுவே தகுந்த வடிவம் என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்துக் கடைகளில் கேட்டவரை கிடைக்கவில்லை.

பங்குனியில் குளத்துக்கரைத் தெருவில் சீக்கு விழுந்தது. மூன்று வீடுகளில் கூண்டோடு போயின. எங்கள் ஆறு வீடுகளில் அதையொட்டிய இரண்டு மாதத்தில் குறைந்தவை மூன்று. அவற்றிலும் ஒன்றைக் கீரி கொண்டுபோனது. நாங்கள் இந்த முறை சந்தைக் கோழி எதையும் உள்ளே விடவில்லை, அடுத்த தெருவுக்குப் போய்வந்த செருப்பைப் படலுக்கு வெளியே கழற்றினோம். ஆகவே பெருமை முழுவதையும் குப்பிக்கே கொடுப்பது நியாயமாகாது. ஆனாலும் சென்ற ஆண்டு பிழைத்த நான்கில் ஒன்றான கரும்பெட்டை இப்போது பதினொரு முட்டைகளின் மேல் அடைகாக்கிறது. பொரிக்கும் நாளையும் அதிலிருந்து ஏழாம் நாளையும் அம்மா நாட்காட்டியில் குறித்துவிட்டார். மற்ற ஐந்து வீட்டு அடைக்கோழிகளையும் அந்த வாரத்துக்கே ஒட்டி வைத்திருக்கிறோம், குப்பியை ஒரே நாளில் உடைக்க வசதியாக.